எதிரணிக்குச் சாப்பாடு

மழைக்கோட்டைக் கழற்றி மாட்டப் போனபோதுதான் ஜைல்ஸ் ஃபெதர்ஸ்டன் கவனித்தார், கோட்டு மாட்டும் கம்பத்திலும் அந்த மஞ்சள் சீட்டை ஒட்டியிருந்தார்கள். கடன்காரர்கள் சார்பில் வந்திருந்த கணக்கர்கள் போன வாரம் முழுக்க ஸ்டேடியத்தைச் சுற்றி வந்து, கண்ணில் பட்ட பொருளுக்கெல்லாம் எண் போட்டு ஒட்டியிருந்தார்கள். எண்ணுக்குக் கீழே 'நகர்த்தக் கூடாது' என்று இருந்தது. கோட்டை மாட்டினால் அது நகர்த்தியதாகுமா என்று யோசித்தபடி சற்று நின்றார். பிறகு அதை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். தலைவர் அறையின் நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து நிறுத்திய கொக்கு, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த கிளப் முதலாளியின் ஆளுயரப் படம் என்று எல்லாவற்றிலும் மஞ்சள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் பிளேசரின் முதுகையும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அவர் தேம்ஸ் ஹெரன்ஸ், அதாவது தேம்ஸ் கொக்குகள், ரக்பி கிளப்பின் கௌரவத் தலைவர். கௌரவம் என்றால் சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை. கருநீல பிளேசர் உண்டு, அதன் மார்பில் வெள்ளிச் சரிகையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு உண்டு, ஆட்டத்தன்று எதிரணிப் பெரியவர்களைக் கைகுலுக்கி வரவேற்கும் உரிமை உண்டு. வேலை பார்த்த காலத்தில் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டும் டாக்டராக இருந்தார். அதனாலோ என்னவோ, எதையும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் வரிசைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

எட்டு வருடங்களுக்கு முன்பு கிளப் லண்டனில் வாடகை மைதானத்தில் இருந்தது. கெல்டன் நகரசபை கட்டிவிட்டு விழி பிதுங்கி நின்ற இந்த ஸ்டேடியத்தைக் கடன்பட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு நூறு மைல் வடக்கே வந்தது. தேம்ஸ் நதி கூடவே வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. ஸ்டேடியத்தில் பாட்டுக் கச்சேரி நடக்கும், கண்காட்சி நடக்கும், ஹோட்டல் நிரம்பும், அந்தப் பணத்தில் கடன் அடையும், ரக்பி சும்மாவே ஓடும் என்று முதலாளி படம் போட்டுக் காட்டினார். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிப்பது போன்ற திட்டம். வெண்ணெய் வாங்கவே பணம் போதவில்லை என்று தெரிந்ததும் ரசிகர்களிடம் கடன் பத்திரம் விற்றார்கள். டெவனில் கடலோரமாக ஒரு சின்ன வீடு வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து ஜைல்ஸும் வாங்கினார். அன்றிலிருந்து வங்கி அட்டைகள் அவர் மனைவி பிலிப்பாவின் கைப்பையில் வசிக்கின்றன. சனிக்கிழமைதோறும் நாற்பது பவுண்டு கைச்செலவுக்குத் தருவாள்.

கதவைத் தட்டாமல் இமோஜன் உள்ளே வந்தாள். கிளப் அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். தலைமை நிர்வாகி, குடும்பத்தோடு நேரம் செலவிட வேண்டும் என்று அறிக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"சார், சமையல் கம்பெனிக்காரங்க வரல."

"லேட்டாகுமா?"

"வரவே மாட்டாங்க. நேத்து வந்து அடுப்பைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. கரண்டியக்கூட விட்டு வைக்கல."

"இன்னைக்கு ஆட வர்ற பென்ஹாலோ ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க கார்ன்வால்லேருந்து விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிட்டாங்க. மேனேஜர் மெசேஜ் போட்டிருக்கார். ரெண்டு பேருக்கு கோதுமை ஆகாதாம், நம்ம குறிச்சு வச்சுக்கணுமாம்."

ஜைல்ஸ் கண்ணாடிப் பெட்டிக் கொக்கைப் பார்த்தார். எத்தனையோ போயாயிற்று. வீரர்களுக்குச் சம்பளம் போயிற்று, மருத்துவர் போனார், மைதானத்து வெந்நீர் பாதி நாள் வருவதில்லை. அதெல்லாம் முதலாளியின் கடன், வங்கியின் கடன். ஆனால் ரக்பியில் ஒரு வழக்கம் உண்டு. எண்பது நிமிடம் எதிராளியின் காதை மிதித்தாலும், விசில் ஊதியதும் வந்தவனை உட்கார வைத்துச் சூடாகச் சாப்பாடு போட வேண்டும். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே பந்தி. சேற்றில் ஆடும் பத்தாம் தர அணிகூட இதை விடுவதில்லை. பந்தி இல்லையென்றால் இது கிளப் இல்லை, ஒட்டுச்சீட்டு ஒட்டிய கட்டடம். வரவேற்கும் உரிமை தனக்கு என்றால் பட்டினி போட்ட பெயரும் தனக்குத்தான் என்று தோன்றியபோது அவருக்கு முகம் சுட்டது.

"பீட்சா?" என்றார்.

"மூணு கடை 'உங்க கிளப்பா?'ன்னு கேட்டுட்டு போனை வச்சுட்டாங்க. நாலாவது கடையில ஓனரைக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. அவர் ரொம்ப நேரம் சிரிச்சார், சார்."

"நானே குடுக்கறேன்னு சொல்லு" என்று வாய்வரை வந்தது. நாற்பது பவுண்டில் ஐம்பது பேர். பிலிப்பாவுக்குப் போன் செய்தால் கிடைக்கப்போகும் மௌனத்தின் நீளத்தையும் நினைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சேற்று மைதானமும் தகரக் கூரை போட்ட கட்டடமும் தெரியும். கெல்டன் ஃபவுண்ட்ரி ரக்பி கிளப். கூரையின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அங்கே போவதற்குப் பதில் கார்ன்வாலுக்கே நடந்து போய்விடலாம் என்று இருந்தது. ஸ்டேடியம் திறப்பு விழாவில், மேயருக்குப் பக்கத்தில் நின்று, "இன்று கெல்டனுக்கு ரக்பி வந்துவிட்டது" என்று முழங்கியவர் அவர். கைதட்டல் பலமாக இருந்தது. மூன்றாம் வரிசையில் ஃபவுண்ட்ரி கிளப்பின் பழைய டைகளோடு உட்கார்ந்திருந்த இருபது பேர் மட்டும் தட்டவில்லை. வார்ப்பட ஆலைத் தொழிலாளிகள் தொடங்கி, அவர்கள் பேரன்களும் ஆடுகிற கிளப் அது, ஹெரன்ஸைவிட வயதில் மூத்தது என்று அவருக்கு விருந்தில்தான் யாரோ சொன்னார்கள். சொன்னவரிடம், "அப்படியா, அருமை" என்றார். அதன் பிறகு ஃபவுண்ட்ரிக்காரர்களை 'கூட்டாளிகள்' என்று ஆட்டக் கையேட்டில் அச்சடித்தார்கள். காலி நாற்காலி டிவியில் தெரியக் கூடாது என்பதற்காக இலவச டிக்கெட் அனுப்பினார்கள். சனிக்கிழமைக் கூட்டம் இங்கே வந்ததில் அந்தச் சேற்று மைதானத்தின் ஓரம் காலியானது.

மழைக்கோட்டை அறையிலேயே மறந்துவிட்டு, புறவழிச் சாலைப் பாலத்தைக் கடந்து நடந்தார். பிளேசரைக் கழற்றிவிட்டு வந்திருக்கலாம் என்று பாதி வழியில் தோன்றியது. கழற்றினால் குளிரும். போட்டிருந்தால் சிரிப்பார்கள். குளிருக்குத்தான் அதிகம் பயந்தார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

ஃபவுண்ட்ரி அடுப்படியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அறுபதைத் தாண்டிய பெரில் டட்லி அண்டாவில் மாட்டுக்கறி ஸ்டூவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பல்ஜிந்தர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அந்த அணியில் முன்வரிசையில் முட்டித் தள்ளுகிறவன். ஜைல்ஸைக் கண்டதும் கத்தி நின்றது.

"அடடே, ரக்பி வந்துடுச்சு" என்றாள் பல்ஜிந்தர்.

அவர் சிரித்தார். பல்வரிசை முழுக்கத் தெரிந்தது. பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வந்தது 'தளவாடச் சிக்கல்', 'தற்காலிக ஏற்பாடு' என்றெல்லாம் நீண்டது. பெரில் கரண்டியை அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கண்ணு, சோறு இல்லைங்கறீங்க. அவ்வளவுதானே?"

"ஆமா."

"எத்தனை பேரு?"

"ஐம்பது."

"இது நாளைக்கு எங்க மெம்பருங்க விருந்துக்கு வச்சது. இன்னைக்கு எங்க பசங்க வெளியூர்ல ஆடறாங்க."

"அப்போ வேண்டாம், நான்..."

"நான் இன்னும் முடிக்கல. நாளைக்கு எங்க ஆளுங்களுக்கு பீன்ஸும் ரொட்டியும் போட்டா செத்துட மாட்டாங்க. கார்ன்வால்காரன் பசியோட திரும்பிப் போனா, போற வழியெல்லாம் கெல்டன்ல பட்டினி போட்டான்னுதான் சொல்லுவான். ஹெரன்ஸ்னு சொல்ல மாட்டான். இது ஊரு மானம். உங்களுக்காக இல்ல."

"ரொம்ப நன்றி" என்றார். அவளோ ஏற்கெனவே அண்டா பக்கம் திரும்பியிருந்தாள்.

"பிரசிடெண்ட் ஐயாவுக்கு உருளைக்கிழங்கு உரிக்க வருமா, இல்ல கைகுலுக்க மட்டும்தானா?" என்று பல்ஜிந்தர் ஒரு கத்தியை நீட்டினாள். அவர் உரித்தார். பல் டாக்டரின் கை, நேர்த்தியாகத்தான் வந்தது. ஆனால் அவர் ஒன்றை முடிப்பதற்குள் அவள் நான்கை முடித்தாள்.

கிளம்பும்போது பெரில் சட்டென்று கேட்டாள். "நீங்க வந்த புதுசுல நாங்க ஒரு கொக்கு குடுத்தோமே, இரும்புல. அது எங்க இருக்கு?"

அது எங்கே இருக்கிறது என்று ஜைல்ஸுக்கு நன்றாகத் தெரியும். கொக்கின் உருவத்திலேயே வார்த்த கனத்த தகடு அது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டிய கொக்கு இரண்டு காலிலும் நின்றிருந்தது. விளம்பரப் பிரிவுப் பையன்கள் 'வாத்து' என்று சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். கீழ்த்தளத்தில், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறைக்குப் பக்கத்துச் சுவரில் அதை மாட்டச் சொன்னதும் அவர்தான்.

"தலைவர் அறையில" என்றார்.

பெரிலின் முகம் கொஞ்சம் மாறியது. "அப்படியா? எங்க அப்பா வார்த்தது அது. ஃபவுண்ட்ரி மூடினப்புறம் வீட்டுக் கொல்லையில உலை வச்சு கடைசியா செஞ்சது. ஒத்தைக் கால்ல நிக்க வச்சா கீழ விழுந்துடும்னு ரெண்டு கால் வச்சார்."

பந்தி நடக்கப்போவதே தலைவர் அறையில்தான். திரும்பும்போது அந்தப் பாலத்தின் மேல் ஜைல்ஸ் ஏறக்குறைய ஓடினார். இரும்புக் கொக்கு அதே இடத்தில்தான் இருந்தது. இந்த மாபெரும் கட்டடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டாத பொருள் அது ஒன்றுதான். கணக்கர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மதிக்கவில்லை. ஆக, அவர் நகர்த்தலாம் என்று சட்டம் அனுமதித்த ஒரே பொருளும் அதுதான். லிஃப்ட் ஓடவில்லை. குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழு மாடி ஏறினார். மஞ்சள் சீட்டைக் கண்டுகொள்ளாமல் முதலாளியின் படத்தை இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அதன் கொக்கியில் தகட்டை மாட்டினார். மூச்சு வாங்கியது. அழகாகத்தான் இருந்தது. எட்டு வருடமும் அங்கேயே இருந்தது போலத் தோன்றியதும், உண்மையிலேயே அப்படித்தான் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆட்டத்தில் ஹெரன்ஸ் படுதோல்வி அடைந்தது. சம்பளமில்லாமல் ஆடியவர்களை என்ன சொல்வது. விசில் ஊதியதும் வழக்கப்படி இருபுறமும் வரிசை கட்டி நின்று, ஜெயித்தவர்களைக் கைதட்டி நடுவழியே அனுப்பினார்கள். சில நூறு பேர் உட்கார்ந்திருந்த பெரிய ஸ்டேடியத்தில் அந்தக் கைதட்டல் எங்கோ போய் முட்டித் திரும்பியது.

பல்ஜிந்தர் புருஷனின் குழாய் வேலை வேனில் அண்டாக்கள் வந்திறங்கின. லிஃப்ட் இல்லாததால் வெளிப்படிக்கட்டு வழியே வீரர்களே தூக்கி வந்தார்கள். தலைவர் அறைக்குள் நுழைந்ததும் பெரில் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். கிட்டே போய், கை துடைக்கும் துணியால் கொக்கின் கழுத்தைத் துடைத்தாள்.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று நேராக்கினாள். "பல்ஜிந்தர், இங்க வாயேன். சொன்னேன்ல, எங்க அப்பாவோடது. இந்த ஆளுங்களை நாம கொஞ்சம் தப்பாத்தான் நெனச்சுட்டோம்."

ஜைல்ஸ் பட்டாணிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேகமாக வேறு பக்கம் போனார். ஒவ்வொரு தட்டிலும் தேவைக்கு மேல் பட்டாணி போட்டார்.

பென்ஹாலோக்காரர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். கோதுமை ஆகாத இருவருக்கும் பல்ஜிந்தர் தனியாக வைத்திருந்தாள். அது எப்படித் தெரியும் என்று ஜைல்ஸ் கேட்டபோது, "உங்க ஆபீஸ் பொண்ணு இமோஜன் சொல்லிச்சு. நீங்க மறந்துட்டீங்க" என்றாள். கடைசியில் எதிரணிக் கேப்டன், காதில் கட்டுப் போட்ட மலை போன்ற ஒருவன், எழுந்தான்.

"பத்து வருஷமா ஊர் ஊரா சாப்பிடறேன். இந்த மாதிரி ஒரு ஸ்டூ சாப்பிட்டதில்ல. யாரு சமைச்சது, பெரியவரே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஃபவுண்ட்ரி கிளப், பெரில் டட்லி, பல்ஜிந்தர் என்று மூன்று பெயரைச் சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எங்களோட கூட்டாளிகள்" என்று வந்தது.

பல்ஜிந்தர் மூக்கால் சிரித்தாள். கேப்டனுக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் ஏப்ரன் கட்டியிருந்த இருவரையும் கண்டுபிடிக்க அவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கையைத் தூக்கினான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. இரண்டு அணி வீரர்களும் கதவுவரை இருபுறமும் வரிசை கட்டித் தட்ட ஆரம்பித்தார்கள். பெரில், "அட, போங்கடா" என்று ஒரு காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடுவே நடந்தாள். பல்ஜிந்தர் இன்னொரு அண்டாவோடு ராணிபோலத் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனாள். மூன்றாவது அண்டா ஜைல்ஸின் கையில் இருந்தது. அறைக்கு ஒரே வாசல்தான்.

அவருக்கும் தட்டினார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "சபாஷ் தாத்தா" என்றான். முகத்தை மூட இரண்டு கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வால்பக்கம் நின்றவர்கள் விளையாட்டாக முன்னால் ஓடிப்போய் மறுபடி வரிசையில் சேர்ந்துகொள்ள, கைதட்டல் அறையைத் தாண்டி, உள்படிக்கட்டு இறங்கி, வேன் நிற்கும் பின்வாசலை நோக்கிக் கீழ்த்தள நடைவழியில் வளர்ந்துகொண்டே போனது. எந்த நடைவழி என்று அவருக்குக் கடைசிப் படியில்தான் உறைத்தது. "இந்தப் பக்கம் வேண்டாம், முன்வாசல் வழியா..." என்றார். கைதட்டலில் யாருக்குக் கேட்கும்.

துடைப்ப அறைக்குப் பக்கத்தில் பெரில் நின்றாள். எட்டு வருட அழுக்கேறிய சுவரில், வாளிக்கு மேலே, தகடு இருந்த இடத்தில் மட்டும் சுத்தமான வெள்ளையில் ஒரு கொக்கு இருந்தது. நீண்ட கழுத்து, இரண்டு கால், இரண்டும் தரையில். பெரில் அதைப் பார்த்தாள். அண்டாவை இடுப்பில் சரிசெய்துகொண்டு, திரும்பாமல் நடந்தாள். ஜைல்ஸ் கையிலிருந்த அண்டா சாய்ந்து, மிச்சமிருந்த குழம்பு ஒரு கோடாகப் பிளேசர் மேல் இறங்கியது. இருபுறமும் நின்று இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.