ஒன்பது டிகிரி மாப்பிள்ளை

லோரன்ஸ் செத்த பிறகு அவன் பெண்டாட்டி தெரேஸ் தனியாகப் போட்ட முதல் பீர் அது. ஊர்ப் பொது அடுப்பில் காய்ச்சி ஆறவைத்த மால்ட் சாற்றை டிராக்டரில் கொண்டுவந்து, அவள் வீட்டு நிலவறைத் தொட்டியில் இறக்கியவன் நான்தான். முப்பது வருஷம் கல்குவாரியில் பாறை உடைத்த முதுகுக்கு இது ஓய்வாம்.

ஈஸ்ட் போட்டாயிற்று. இனி ஒரு வாரம் ஒன்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பீரில் பழவாசனை ஏறும். பீர் தயார் என்று வாசலில் நட்சத்திரம் மாட்ட முடியாது. மாட்டாத வீட்டுக்குப் பொது அடுப்பில் பீர் காய்ச்சக் கிடைத்த முறையை ஊர் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டு அனுதாபமும் தெரிவிக்கும்.

லோரன்ஸின் குளிர்சாதனம் ஒரு சன்னலும் ஒரு பலகையும். பலகையை நகர்த்தினால் நவம்பர் உள்ளே வரும். அது போதாதென்று மூனிக்கிலிருந்து மருமகன் ஹோல்கர் வந்தார். பொறியாளர். சக்கரம் வைத்த ஏசி ஒன்றை உருட்டி வந்து, அதன் வாயிலேயே வெப்பம் காட்டும் கருவியை ஒட்டி, சன்னலை அடைத்து, இடுக்குகளில் பஞ்சும் திணித்தார்.

"இனிமே நீங்க படி இறங்கவே வேணாம் அத்தை. அங்கருந்தே போன்ல பாத்துக்கிறேன்."

"அதான் மாப்பிள்ளை, இறங்குனாத்தானே தப்பு நடக்கும்," என்றாள் தெரேஸ்.

அவர் கிளம்பிய மறுநாள் இறங்கிப் பார்த்தோம். நுழைந்ததும் நான் கோட்டைக் கழற்றினேன். தெரேஸ் தொட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் போட்டாள்.

"தொட்டி சில்லுன்னே இல்லையே மாப்பிள்ளை."

"ஒன்பதுன்னு காட்டுது அத்தை. உங்க கை குளிர்ந்து போயிருக்கும்."

நான் வெப்பமானியைச் சாற்றில் விட்டேன். பதினாலு. ஏசியின் முன்பக்கம் குளிரை ஊதியது, கருவியும் அங்கேதான். பின்பக்கம் அதைவிட அதிகமான சூட்டை அதே மூடிய அறைக்குள் ஊதியது. படித்தவர்கள் பின்பக்கம் பார்ப்பதில்லை. அங்கே நிற்பவர்கள் நாங்கள்தானே.

"சொல்லிரவா?" என்றேன்.

"வேணாம் வெண்டல். சொன்னா லீவு போட்டுட்டு சரி பண்ண வந்துருவாரு."

ஏசியைக் கருவியோடு விறகுக் கொட்டகைக்கு உருட்டி, அங்கே ஓடவிட்டோம். ஒரேயடியாகக் குளிர்ந்தால் ஈஸ்ட் படுத்துவிடும். அதனால் தெரேஸ் சன்னல் பலகையை இரண்டிரண்டு விரலாக நகர்த்தினாள். ஒன்பதுக்கு இறங்க இரண்டு நாள் ஆனது. மூனிக்கிலிருந்து தினமும் செய்தி வந்தது: "பாத்தீங்களா, ஒன்பது!"

ஐந்து வாரம் கழித்து முதல் கோப்பை வடித்தோம். தெரேஸ் குடிக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஓரத்துல லேசா வாழப்பழம் அடிக்குது," என்றேன்.

"மாட்டலாமா, கூடாதா? அதச் சொல்லு."

"லோரன்ஸோடது இதைவிட மோசமாவும் இருந்திருக்கு. மாட்டு."

அவள் ஏணியில் ஏறி நட்சத்திரத்தைக் கொக்கியில் போட்டாள். அந்த நேரம் பார்த்து ஹோல்கரின் கார் பனியில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அத்தை! மைனஸ் நாலு காட்டுது! மொத்த பீரும் உறைஞ்சு போச்சு! மெஷின் எங்க?"

"விறகுக் கொட்டகைல மாப்பிள்ளை," தெரேஸ் ஏணியிலிருந்தே சொன்னாள். "நல்லா வேலை செய்யுது. ஒரு கட்டைகூட கெட்டுப்போகல."