ஆறாவது சாம்பல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு எரிமலை வெடிக்கிற கதைதான் வேண்டியிருந்தது. 'வானம் சிவந்து, பூமி பிளந்து' என்று தொடங்கி— (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

எரிமலைத் தீவில் வேலை பார்க்கும் நிலவியல்காரி ஒருத்தியிடம் போய்க் கேட்டேன். சிரித்தாள்.

"வெடிக்கிறது ஒரு வாரங்க. சும்மா இருக்கிறது நூறு வருஷம். நாங்க அந்தச் சும்மாவைத்தான் படிக்கிறோம்."

அந்தச் சும்மாவில் என்ன கதை இருக்கும் என்று அன்றிலிருந்து ஒரே குடைச்சல்.

2

இனி வருகிறவள் அவளல்ல, நான் உண்டாக்கினவள். குழி வெட்டி, மண்சுவரைக் கொத்துக்கரண்டியால் சீவி, சாம்பல் அடுக்குகளை எண்ணுவது அவள் வேலை. ஓர் அடுக்கு என்றால் ஒரு வெடிப்பு. மேட்டில் வெட்டிய குழியில் ஐந்து அடுக்குகள் இருந்தன. நூற்றிருபது வருஷத்துக்கு ஒருமுறை வெடிக்கிற மலை; கடைசியாக வெடித்து அறுபதுதான் ஆகிறது, இன்னும் அறுபது பாக்கி என்று அறிக்கை கொடுத்தாள். அதை நம்பி அடிவாரத்தில் ஒரு தெருவே முளைத்தது. அதில் அவள் தங்கை வீடும் ஒன்று.

(தங்கையை முதலில் அழுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அவள் மசியவில்லை.)

3

தங்கை வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். எட்டிப் பார்த்த அக்கா உள்ளே இறங்கிச் சுவரைச் சீவினாள். கடைசி இரண்டு அடுக்குகளுக்கு நட்டநடுவில், விரல் தடிமனுக்கு இன்னொரு சாம்பல். மேட்டில் காற்று அடித்துக்கொண்டு போனது இங்கே பள்ளத்தில் தங்கியிருக்கிறது. ஜீப் போகிற இடம் என்று மேட்டிலேயே வெட்டியது அவள் சோம்பேறித்தனம். நூற்றிருபது வருஷ இடைவெளியில் பாதி அறுபது; கடைசி வெடிப்புக்கும் அறுபது ஆகிவிட்டது. அதாவது, இப்போது.

மூன்றாவது பிரதியில் அந்த அடுக்கை நானே அழித்துப் பார்த்தேன். கதையில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"தப்பா எண்ணிட்டேன்டி." விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உன்னை நம்பித்தானேக்கா கட்டினோம்!" தங்கை கத்தினாள். அந்த அடுக்கைத் தானும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்போ வெடிக்கும்?" என்றாள்.

"தெரியாது. நாளைக்கும் இருக்கலாம், நூறு வருஷமும் ஆகலாம்."

"அப்போ என்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிக்காதே. வா, முதல் வீட்டிலேர்ந்து ஆரம்பிப்போம்."

4

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். மலை வெடித்தால் வீடுகள் போகும், அக்கா கெட்டிக்காரி ஆவாள். வெடிக்காவிட்டால், வீட்டைப் போட்டுவிட்டுப் போனவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். முதல் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவள் வேண்டிக்கொள்வது இந்த இரண்டாவதைத்தான்.

என் கையில் விட்டால் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வெடிக்க வைத்துத் தொலைப்பேன். என்னை நம்பாதீர்கள், நீங்களே முடியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவள் சாகும்வரை திட்டு வாங்கட்டும்.