முழங்காலில் இரண்டு ஸ்க்ரூ

பிணத்தின் முகத்தை மூடியிருந்தார்கள். கால்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார் ராணுவ டாக்டர்.

கிளப் பிசியோவாகப் பதினோரு வருடம் நான் தேய்த்துவிட்ட கால்கள். கால்பந்து கிளப்பில் அவனை 'எஞ்சின்' என்பார்கள். போருக்கு ஆள் எடுத்தபோது முதல் வரிசையில் போய் நின்றான். படம் பேப்பரில் வந்தது. "என் பொண்டாட்டியைவிட நீதான்யா என் காலை அதிகம் பிடிச்சிருக்கே" என்று கிண்டலடிப்பான்.

அந்த மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நல்லாப் பாருங்கண்ணா. தீயில வெந்த காலு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினார். இடது முழங்காலில் இரண்டு ஸ்க்ரூ வெள்ளையாகத் தெரிந்தன. கிளப் கொடுத்த உடல்தகுதிச் சான்றிதழை விரலால் தட்டினார்.

"இதுல எந்த ஆபரேஷனும் இல்ல. இதை நம்பித்தான் அவரை எடுத்தோம். அப்போ இது வேற ஆளு. உங்க வீட்டுக்காரர் இன்னும் காணாமப் போனவங்க பட்டியல்லதான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் மூச்சே முழுதாக வந்தது. "நான் சொன்னேன்லண்ணா?"

முழங்காலில் ஸ்க்ரூ என்று தெரிந்தால் எந்தக் கிளப்பும் அவனைச் சீண்டாது. அதனால் சீசன் முடிந்ததும் வெளியூரில், வேறு பெயரில் ஆபரேஷன். அவனுக்கும் மேனேஜருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இவளிடம் பயிற்சி முகாம் என்றேன். சான்றிதழை நிரப்பியதும் நான்தான். அடிபட்டதை மறைப்பது எங்கள் தொழிலில் பொய்யே இல்லை. ராணுவத்துக்கும் அவன் அதே தாளைத்தான் நீட்டினான். நொண்டி என்று திருப்பி அனுப்பிவிட்டால் அப்புறம் யார் அவனை ஆடக் கூப்பிடுவார்கள்?

"இது அவர் இல்லைன்னு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க," என்றார் டாக்டர்.

பேனா கையில் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இவள் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் நம்பர் போட்ட குழிக்குள் போவான்.

"அந்த ஸ்க்ரூ அவனோடதுதான்," என்றேன்.

மீதியையும் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைக் கேட்டாள்: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்போம்."

நடந்ததை எழுதித் தரச் சொல்லி டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் தள்ளினார். எழுத ஆரம்பித்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று வரி வரியாகப் படித்தாள்.

"முகாம்னு என்கிட்ட சொன்னது யாருன்னு எழுதலையே," என்றாள். "எழுதுங்க."