உப்பு வாங்கப் போனவரே

அண்ணன் செத்துப்போன சேதி கேட்டு, கொளஞ்சியம்மாள் மகன் வீரமணியோடு வாலிகண்டபுரத்துக்குக் கிளம்பியிருந்தாள். அரியலூர் தாண்டியதும் பஸ்ஸில் கண்டக்டர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். "உப்பு வாங்கப் போனவரே, ஊரு வந்து சேரலியே" என்று முதலில் ஒரு பெண்ணின் அழுகை. அப்புறம் கொட்டு முழங்க, வீரமணியின் கூட்டாளி ஜெயசீலன் பாட ஆரம்பித்தான். கூடவே இருந்து குழி பறித்த நண்பனைப் பற்றிய பாட்டு. இப்போது எவன் போனைத் திறந்தாலும் அதுதான்.

வீரமணி ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தான். அந்த அழுகை அவன் அம்மாவுடையது. உப்பு வாங்கக் கடைக்குப் போன அப்பாவைச் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துப்போட்ட அன்று, மாரில் அறைந்துகொண்டு அவள் வைத்த ஒப்பாரி. "அம்மா கொரலு ஞாபகத்துக்கு இருக்கட்டும் மாப்ள" என்று ஜெயசீலன்தான் போனில் பிடித்தான். அவள் கைச்சோறு தின்று வளர்ந்தவன், அவனைப் போய் வீரமணி சந்தேகப்படுவானா? அதைக் கேட்காமலே பாட்டில் ஒட்டி உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன், துரோகத்தைப் பற்றியே பாடிப் பேர் வாங்கிவிட்டான். தின்ற உப்பை மறந்தவனை என்ன நயமாகச் சொல்கிறான் என்று கமெண்டில் ஆளாளுக்கு உருகினார்கள். போய்க் கேட்டபோது, "அழுவாச்சிதானடா, அதுக்குப் பட்டாவா வாங்கணும்?" என்று சிரித்தான். அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்று வீரமணி வாயை மூடிக்கொண்டான்.

"யாருடா அழுவுறது?" என்றாள் அவள். தன் குரலை அவள் வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

"யாரோ சினிமாக்காரிம்மா."

"பாவம். அவ புருசனும் உப்பு வாங்கத்தான் போனானாமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாவு வீட்டில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஐஸ் பெட்டியைப் பார்த்ததுமே அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"கூடப் பொறந்தவரே, கூப்புட்டா வாரலியே..."

அதே ராகம், அதே இழுவை. பின்னால் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி, "ஏய், உப்புப் பாட்டுடி!" என்றாள். நாலைந்து போன்கள் உயர்ந்தன. பந்தலில் எவனோ பிளாஸ்டிக் நாற்காலியில் தாளம் தட்டினான். இன்னொருவன், ஒன்றுதானா பார்ப்போம் என்று, பாட்டையே போட்டுவிட்டான்.

கொளஞ்சியம்மாள் நிறுத்தினாள். போன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கூட்டத்தில் தேடி வீரமணியைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டது.

கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அடுத்த அடிக்காக அசைந்தபடியே காத்திருந்தார்கள். அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். போனில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.