டால்பினின் கை

அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு கோர்ப்பவளுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். டால்பினின் இடது துடுப்பு எலும்புகள் உதிரி எலும்புகளோடு ஒரே சாக்கில் கலந்து வந்தபோது, மேலதிகாரி சுலபமாகச் சொல்லிவிட்டார்: "துடுப்பை பிளாஸ்டர்ல செஞ்சிடும்மா. இந்தக் குப்பையைத் தூக்கிப் போடு."

"போட மாட்டேன் சார்."

தன் இடது கையை மேசைமேல் நீட்டி, அதைப் பார்த்துப் பார்த்து எலும்புகளை அடுக்கினாள். மேற்கைக்கு ஒன்று, முன்கைக்கு இரண்டு, மணிக்கட்டுக்குப் பொடிப்பொடியாகச் சில, பிறகு ஐந்து விரல்கள். அச்சு அசலாக அவள் கையேதான். ஆனால் நடுவில் இருந்த விரல்களுக்குத் தன் கணக்குப்படி மும்மூன்று வைத்த பிறகும் ஒரு கைப்பிடி எலும்பு மிச்சம் கிடந்தது.

"வேற எதோடதோ கலந்திருக்கு" என்றார் அதிகாரி.

அவள் விடவில்லை. மிச்சத்தை ஒவ்வொன்றாக விரல் நுனிகளில் வைத்துப் பார்த்தாள். அளவு குறைந்துகொண்டே போய்க் கச்சிதமாகப் பொருந்தின. ஆள்காட்டி விரலில் மட்டும் எட்டு எலும்பு. அதே கைதான், கடலில் தலைமுறை தலைமுறையாகத் துடுப்பாக நீண்டிருக்கிறது.

அதிகாரி சிரித்தார். "மீனுக்குக் கையாம்! அப்ப கால் எங்கம்மா?"

"மீன் இல்ல சார். இதோட மூதாதை நாலு கால்ல நடந்தது. தண்ணிக்குள்ள வந்தப்புறம் பின்னங்கால் கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போச்சு."

"நேர்ல பார்த்த மாதிரி பேசற."

எந்த விரலிலும் சேராமல் கிடந்த, குச்சி போன்ற இரண்டு எலும்புகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கால் மாட்டியிருந்த இடுப்பெலும்பு சார். மிச்சம் இவ்வளவுதான். குப்பைன்னீங்களே, அதுல இருந்துச்சு."