தொணதொண உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ்

ஒவ்வொரு நவம்பரிலும் தொணதொண உயிரோடு இருக்கிறது என்று நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கும் அதே மாதம், அதே அலுவலகம், அதே வரிசை.

தொணதொண ஓர் அரட்டை நிரல். ஏழு வெவ்வேறு வலையமைப்புகளில் இருப்பவர்கள் அதன் வழியாகப் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு வாய். மூன்று வாய்கள் மூடிக்கொண்டன. அந்த நிறுவனங்களே மூடிவிட்டன. மீதி நான்கும் நன்றாக இருக்கின்றன. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். யாரும் பார்ப்பதில்லை.

பராமரிப்பது இரண்டு பேர். நான் ஒருவன். பூங்கோதை இன்னொருவர். அவரை நான் பார்த்ததில்லை.

அன்று தொணதொணவைக் குளிப்பாட்டி, ஒயர் கூடையில் வைத்து, ஈரோடு பேருந்தில் ஏறினேன். அது பூசணிக்காய் அளவு இருக்கும். தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும்.

நடத்துநர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“மூணு வயசு முடிஞ்சிருச்சுங்களா?”

“இல்லீங்க. பதிப்பு ரெண்டு புள்ளி பதினாலுதான்.”

“அப்ப டிக்கெட் வேண்டாமுங்க. மூணு எப்ப?”

“தயாரானதும்.”

“போன வருசமும் இதேதான சொன்னீங்க?”

“அதுக்கு முந்தின வருசமும் சொன்னேனுங்க.”

அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். சொன்ன சொல் மாறாதவர்களை அவருக்குப் பிடிக்கும்.

அலுவலகத்தில் ஒரே ஒரு தாழ்வாரம். அதில் வரிசையாகச் சன்னல்கள். யாராவது ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் கடைசியில் ஒரு சன்னல் கூடும். தாழ்வாரம் அந்த அளவுக்கு நீளும். அதனால் அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த அலுவலகம்.

எனக்கு முன்னால் நின்றவர் அர்த்தநாரி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போன வருடம் அவருக்கு இடது பக்கத்துக்கு மட்டும் உயிர்ச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

“வலது பக்கத்துக்கு என்னங்க ஆச்சு?”

“கையெழுத்து ஒத்துப்போகலைன்னுட்டாங்க.”

“சிரமமா இருக்குங்களா?”

“அட, ஒண்ணுமில்லீங்க. ஒரு செருப்பு தேயறதே இல்ல.”

அவர் சிரித்தார். இடது பக்கம் மட்டும் சிரித்தார்.

மூன்றரைக்கு என் முறை வந்தது. இருபத்துமூன்றாம் சன்னல். உள்ளே அதிகாரி சம்பூர்ணம். தொணதொணவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடு இருக்குது. கடைசியா எப்பங்க மாத்தம் பண்ணீங்க?”

“நாலு வருசம் ஆச்சுங்க.”

“நாலு வருசமா அசைவில்லையா?”

“அசைவு இருக்குதுங்க. ஒப்புதல் இல்ல.”

அவர் பேனாவை மூடினார். நான் விளக்கினேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு திருத்தம் எழுதினால் இன்னொருவர் வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியவரே தன் திருத்தத்தைச் சேர்க்கக் கூடாது. நான் நான்கு வருடத்துக்கு முன் ஒரு திருத்தம் அனுப்பினேன். பூங்கோதை ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன திருத்தமுங்க?”

“மௌனத்தை அனுப்புற வசதி. இத்தனை நிமிசம்னு குறிச்சு அனுப்பிட்டா, அந்தப் பக்கம் அத்தனை நிமிச மௌனம் போய்ச் சேரும்.”

“ரொம்பத் தேவைதான்,” என்றார் சம்பூர்ணம். கேலியா என்று தெரியவில்லை. பின்பு படிவத்தில் எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன். ‘நிலைமை: அசைவற்றது.’

“நாலு மணிக்குள்ள ஒப்புதலோட வந்தா முத்திரை. இல்லைன்னா காப்பகமுங்க.”

காப்பகம் அவருக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய நிரல்கள் அடுக்கடுக்காக இருந்தன. துணி சுற்றினால் வாய்களும் மூடிவிடும். ஒரு நாட்காட்டி நிரல் மட்டும் துணிக்குள்ளிருந்து திங்கட்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்று திங்கட்கிழமை இல்லை.

தொணதொணவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நானும் பூங்கோதையும் பேசிக்கொள்ள தொணதொணவைத் தவிர வேறு இடம் கிடையாது. அவர் எண் என்னிடம் இல்லை. ஊரும் தெரியாது. இதைச் சுற்றிவிட்டால் அவரை எங்கே போய்த் தேடுவது? நான்கு வருடமாகப் பேசவில்லை, உண்மைதான். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் ஓர் இடம் வேண்டும்.

“கூப்பிட்டுக் கேளுங்களேன்,” என்றார் சம்பூர்ணம்.

“இப்பங்களா?”

“நாலுக்கு இருபத்தஞ்சு நிமிசம் இருக்குது. நாலுன்னு சொல்றது எங்க காப்பகத்து நாச்சிமுத்து. அவர் சொன்னாத்தான் நாலு. டீ குடிக்கப் போயிருக்கார். சீக்கிரமா குடிக்கிற ஆளு.”

நான் தொணதொணவின் இரண்டாவது வாயைத் திறந்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்தேன். அதிலேயே எட்டு நிமிடம் போயிற்று. கடைசியில் எழுதினேன்.

‘இருக்கீங்களா?’

பக்கத்தில் எங்கோ மணியடித்தது.

இருபத்துநான்காம் சன்னலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் தொணதொண. அதில் வியப்பில்லை, இந்த மாதிரி நிரல்களில் பராமரிப்பவர் ஒவ்வொருவரிடமும் முழுதாக ஒன்று இருக்கும்.

அவர் குனிந்து படித்தார். பதில் எழுதினார். என் கூடையில் மணியடித்தது.

‘இருக்கேனுங்க. சொல்லுங்க.’

“பூங்கோதைங்களா?” என்றேன் வாயால்.

அவர் திரும்பினார். “சிவநேசனுங்களா? நீங்க உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“எழுதும்போது உயரமா இருப்பேனுங்க. நீங்க இங்க எப்படி?”

“பதினோரு வருசமா இருபத்துநாலுலதான் நிக்கிறேன்.”

“நான் இருபத்துமூணுல.”

சம்பூர்ணம் சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். “ஏனுங்கம்மா, உங்களுதும் அசைவில்லாததா?”

“எனக்கு ஒப்புதல் வரலீங்க. இவர்தான் தரோணும்.”

“நான் தரணுமா? நீங்கதான எனக்குத் தரணும்?”

“உங்க திருத்தத்த அன்னிக்கே படிச்சிட்டனுங்க. ரொம்ப நல்லாயிருந்துச்சு.”

“அப்புறம் ஏங்க சொல்லல?”

பூங்கோதை கூடையின் பிடியைத் திருகினார். “என்னோட திருத்தமும் அதே நாள்ல உங்க கைல இருந்துச்சே. நான் முதல்ல சரின்னுட்டா, எனக்கும் சரின்னு சொல்லுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிருமில்லீங்களா?”

நானும் அதே காரணத்துக்காகத்தான் அவருடையதற்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். அதைச் சொன்னேன்.

“நாலு வருசமா?” என்றார் சம்பூர்ணம்.

“ஆமாங்க,” என்றோம் இருவரும். தாழ்வாரத்தின் கடைசியில் இரண்டு சன்னல்கள் கூடின.

“நல்ல மனுசங்க ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு வேலை நடக்காதுங்க,” என்றார் அர்த்தநாரி. அவருக்கு இந்த வருடம் வலது பக்கத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பூங்கோதை கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். என் திருத்தத்தை முதல் வரியிலிருந்து படித்தார். நான் அவருடையதைப் படித்தேன். எதிர்முனையில் இருப்பவர் எழுதவில்லை, ஆனால் நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வரும். அவ்வளவுதான். குறை எதுவும் இல்லை. ஒப்புதல் கொடுத்தேன்.

“நாப்பத்தொன்னாவது வரில ஒரு இடைவெளி கூடுதலா இருக்குதுங்க,” என்றார் அவர்.

“அதனால ஒண்ணும் ஆகாதுங்க.”

“ஆகாதுங்க. ஆனா இருக்குதே.”

“மணி ஆகுதுங்க.”

“ஆகட்டுமுங்க.”

அவர் சொன்னது சரிதான். நான் இடைவெளியை எடுத்தேன். அவர் நாற்பத்தொன்றாம் வரியை மறுபடி படித்தார். பிறகு நாற்பதையும் படித்தார். பிறகு பென்சிலால் ஒரு சரி போட்டார். தொணதொண இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு புள்ளி பதினைந்து ஆயின. கூடைகள் கொஞ்சம் கனத்தன.

“ஒப்புதல் சரி,” என்றார் சம்பூர்ணம். “வேலை செய்யுதான்னு நான் பாக்கோணுமே. எதையாச்சும் அனுப்புங்க. நான் நாலு பக்கப் படிவத்தையும் படிச்சிட்டுத்தான் முத்திரை குத்துவேன்.”

நாலுக்கு ஒரு நிமிடம் இருந்தது. டீக்கடைப் பக்கமிருந்து நாச்சிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. தோளில் வெள்ளைத் துணி.

நான் ஒன்பது நிமிடம் என்று குறித்து, பூங்கோதைக்கு மௌனத்தை அனுப்பினேன்.

இரண்டடி தூரம்தான். உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒன்பது நிமிட மௌனம் ஒருவருக்கு மட்டும் அடங்குகிற அளவு இல்லை. அது கூடையிலிருந்து வழிந்து தாழ்வாரம் முழுவதும் பரவியது. மின்விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின. நாட்காட்டி நிரல் திங்கட்கிழமையை நிறுத்தியது. அர்த்தநாரி இருமினார், இருமல் கேட்கவில்லை. அவர் அதை ரசித்து இன்னும் இரண்டு முறை இருமினார்.

நாச்சிமுத்து தன் இடத்தில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைத் தடவிவிட்டு மறுபடி சொன்னார். கைகளை வாயருகே குவித்தும் சொன்னார்.

சம்பூர்ணம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அவர் விரலால் கோடு பிடித்துப் படிக்கிறவர்.

என் கூடையில் பூங்கோதையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறாவது நிமிடமும் அது அங்கேயே இருந்தது.

நான்காம் பக்கம் முடிந்தது. சம்பூர்ணம் ‘அசைவற்றது’ என்பதை அடித்துவிட்டு மேலே ஏதோ எழுதினார். முத்திரையை மையில் ஒற்றினார். தலைக்கு மேல் உயர்த்தினார்.

ஒன்பது நிமிடம் முடிந்தது.

முதலில் கேட்டது முத்திரை விழுந்த சத்தம்.

“நாலு ஆச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து.