மிதந்த சொட்டு

ரத்தம் சுற்றுகிற மிஷினுக்கு ஆள் தேடியபோது எம்.ரெட்டியபட்டியில் ஒருவரும் முன்வரவில்லை. பச்சைப் பிள்ளைகளிடம் ரத்தம் உறிஞ்சி மதுரைக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. முத்துப்பேச்சிதான் போனாள். வேறு வழியில்லை. மழை பொய்த்த வருசம் அது. பருத்திக் காட்டில் களையெடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போன புருசன் சங்கையாவிடமிருந்து ஆடி மாதத்துக்குப் பிறகு சேதி இல்லை. இடுப்பில் மூன்று வயது மகள் ஆவுடைத்தாய்.

ஜீப்பில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகளின் சத்துக் குறைவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ராஜகுரு, அவருக்கு உதவியாக நர்ஸ் சரஸ்வதி. பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் மேசை போட்டு, அதன் விளிம்பில் மிஷினைத் திருகி முடுக்கினார்கள். ஊரில் அப்போது கரண்டு கிடையாது. கையால்தான் சுற்ற வேண்டும். பிடியைச் சுற்றினால், அதன் உச்சியில் தொங்குகிற கண்ணாடிக் குழாய்கள் ராட்டினத் தூளிபோல விரிந்து பறக்கும். நிறுத்திப் பார்த்தால் சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் தண்ணீர் தெளிந்து நிற்கும்.

அந்தத் தண்ணீரை சரஸ்வதி மெல்லிய குழலில் எடுத்து, வரிசையாக வைத்த நீலச் சீசாக்களில் சொட்டுச் சொட்டாக விடுவாள். சீசாக்களில் மயில்துத்தம் கரைத்த தண்ணீர், ஒன்றைவிட ஒன்று கனம் கூடியது. விழுந்த சொட்டு கொஞ்ச தூரம் உள்ளே போய் ஒரு கணம் நிற்கும். பிறகு ஒன்று கீழே இறங்கும், இல்லையென்றால் மேலே ஏறும்.

"எறங்குனா ரத்தத்துல சத்து இருக்குன்னு அர்த்தம். ஏறுனா இல்ல" என்றாள் சரஸ்வதி.

"என்ன சத்தும்மா?"

"புரதம்னு பேரு. பருப்பு, பால், முட்டை இதுல எல்லாம் இருக்கும்."

"அதெல்லாம் கண்ணுல பாத்தே நாளாச்சும்மா" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி பிடியைச் சுற்றினாள்.

ஆவுடையின் முறை வந்தது. கொஞ்ச நாளாகவே பிள்ளையின் தலைமுடி செம்பட்டை பாய்ந்து கிடந்தது. ஆனால் கையும் காலும் உப்பி, கன்னம் பளபளத்தது. பக்கத்து வீட்டார், "கூழைக் குடிச்சே சதை போட்டிருக்காளே ஒம் மக" என்று சொல்ல, முத்துப்பேச்சிக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. டாக்டர் பிள்ளையின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.

"இது சதையில்லம்மா. நீர்."

தன் பிள்ளையின் ரத்தத்தையும் முத்துப்பேச்சிதான் சுற்றினாள். முதல் சீசாவில் சொட்டு மிதந்தது. சரஸ்வதி அதைவிடக் கனம் குறைந்த சீசாவுக்குப் போனாள். அதிலும் மிதந்தது. கடைசிச் சீசாவிலும் இறங்கவில்லை.

"இதுக்கு என்ன குடுக்கணும்யா?"

"மாவு இருக்கு. நிலக்கடலையும் கடலைப்பருப்பும் சேத்து அரைச்சது. பந்தல்குடியில தினமும் கஞ்சி காச்சிக் குடுக்கிறோம்."

"இங்க எப்பக் குடுப்பீக?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊருக்கு இல்லம்மா. அங்க குடுத்து, இங்க குடுக்காம விட்டு, வருசக் கடைசியில ரெண்டு ஊரையும் அளந்து பாக்கணும். அப்பத்தான் மாவு வேலை செய்யுதான்னு நிரூபிக்க முடியும். நிரூபிச்சிட்டா கவர்மெண்டு எல்லா ஊருக்கும் குடுக்கும்."

அவர் அதட்டவில்லை. பொறுமையாக, படித்தவளிடம் சொல்வதுபோலவே சொன்னார். அதனாலேயே அவளுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தல்குடிக்குப் போனாள். அங்கே வாக்கப்பட்டிருந்த அக்கா பிச்சையம்மாள், "எம் பிள்ளைகளோட பிள்ளையா நிக்கட்டும்டி. யாரு கேக்கப் போறா?" என்று வாங்கிக்கொண்டாள். கஞ்சி ஊற்றுகிற ஆயாவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து குடித்து முடிக்க வேண்டும். ஆவுடை குடித்தாள். முதலில் கக்கினாள், பிறகு தட்டை வழித்து நக்கினாள். கார்த்திகையில் முத்துப்பேச்சி பார்க்கப் போனபோது கால் வீக்கம் வற்றி, எலும்பு தெரிந்தது. பிள்ளை மெலிந்துவிட்டதைப் பார்த்து ஒரு தாய் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். ஆவுடை அம்மாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

தைக்கு முன்னால் ஜீப் பந்தல்குடிக்கு வந்தது. வரிசையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வந்த சரஸ்வதி, ஆவுடை முன்னால் நின்றாள்.

"சார், இது ரெட்டியபட்டிப் பிள்ளை."

பிச்சையம்மாள் டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "ஒத்தப் பிள்ளைங்கய்யா. இது குடிக்கிறதுல என்ன கொறஞ்சிரும்?"

"மாவு கொறையாதும்மா, கணக்கு கெட்டுப்போகும். இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு அந்த ஊரே இங்க வந்து நிக்கும். அப்புறம் எதை எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது?"

பிச்சையம்மாளின் பிள்ளைகளையும் நீக்கிவிடுவார்களோ என்று அவள் புருசன் பயந்தான். அன்று சாயங்காலமே ஆவுடையை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுப் போனான். முத்துப்பேச்சி கம்மங்கூழைக் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு, "பெரியம்மா கஞ்சி" என்று அழுதது.

மாசியில் ஊருக்குள் மணல்வாரி அம்மை வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டு இறங்கியது. ஆவுடைக்கும் இறங்கியது. ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மறுபடியும் கால் உப்பியது. வெள்ளிக்கிழமை காலையில் தூளிக்குள் கையை விட்டபோது பிள்ளை சில்லென்று இருந்தது.

ஆனியில் ஜீப் கடைசித் தடவையாக வந்தது. டாக்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஆவுடைத்தாய் என்றபோது, மிஷின் பக்கத்தில் நின்ற முத்துப்பேச்சி, "அது இல்லைய்யா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேரை அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னால முடியலைன்னா வேற ஆள் பாக்கிறேன்மா" என்றார்.

"இதைச் சுத்துனா இந்த ஊருக்கு மாவு வருமாய்யா?"

"வரணும். நான் எழுதுவேன்."

அவள் சுற்றினாள். ஊர்ப்பிள்ளைகளின் ரத்தம் முழுக்கச் சுற்றி முடித்தாள். நீலச் சீசாக்களில் சொட்டுகள் ஏறி ஏறி வந்ததை அவள் பார்க்கவில்லை; கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல்குடிப் பிள்ளைகளின் சொட்டெல்லாம் அருமையாக இறங்கியது என்று டாக்டர் டிரைவரிடம் சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

ஜீப்பில் சாமான்களை ஏற்றும்போது சரஸ்வதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முந்தானையில் மறைத்து வைத்திருந்த ஒரு டின்னை நீட்டினாள். நிறைய மாவு.

"அன்னைக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஆமா" என்றாள் முத்துப்பேச்சி. "இருந்திருக்கலாம்."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து சரஸ்வதி நின்றாள். முத்துப்பேச்சி டின்னை வாங்கிக்கொண்டு நடந்தாள். கண்மாயில் வீசிவிடலாம் என்றுதான் போனாள். வீடு வரைக்கும் வீசவில்லை.

ஆவணியில் பிச்சையம்மாள் வந்தாள். "அளந்து முடிச்சாச்சாம்டி. மாவையும் நிறுத்திட்டாக. எம் பிள்ளைக தட்டைத் தூக்கிட்டுப் போயி வெறுங்கையோட வருதுக." ரெட்டியபட்டிக்கும் மாவு வரவில்லை, பந்தல்குடிக்கும் திரும்ப வரவில்லை. டாக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள்.

டின்னில் இருந்ததில் பாதியை அக்காவுக்குக் கொட்டிக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாளாக முத்துப்பேச்சியின் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கவில்லை. அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மீதியில் ஒரு பிடி எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். ருசியாக இருந்தது. நிலக்கடலை வாசனையோடு தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்படி ருசித்த தன் நாக்கை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் சட்டியை வழித்துக் குடித்துவிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேலை இருக்கிறதா என்று கேட்கக் காட்டுப்பக்கம் போனாள்.